தோட்டக்காரர் செய்ய முடியாதது, மரம் வெட்டுபவர் செய்யக்கூடாதது: சேலத்தில் பெற்ற ஒரு மரப் பராமரிப்புச் சேவையின் மதிப்பீடு

சேலத்தில் வீட்டு மரத்துக்கு ஏதேனும் ஒன்று நேர்ந்தால் பெரும்பாலானோர் தோட்டக்காரரிடம் சொல்கிறார்கள். அவரால் ஆகாதென்றால் செயின்சா வைத்திருக்கும் மரம் வெட்டுபவரை வரவழைக்கிறார்கள். நிற்கும் மரத்தைப் பாதுகாப்பாக நிற்கவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள் என்பது நம் ஊரில் பலருக்கு இன்னும் தெரியாது. மரப் பராமரிப்பு வல்லுநர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். அழகாபுரத்தில் உள்ள எங்கள் வீட்டு மரங்களுக்கும், ஏற்காட்டில் என் கணவர் குடும்பத்தாருக்கு இருக்கும் சிறிய காப்பித் தோட்டத்து மரங்களுக்கும் அப்படி ஒரு குழுவை வெளியூரிலிருந்து வரவழைத்து வேலை வாங்கினோம். அந்தச் சேவையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டணம் அதிகம், காத்திருக்க வேண்டியிருந்தது, சில குறைகளும் உண்டு, ஆயினும் வீட்டுக்கோ தெருவுக்கோ மேலாகக் கிளை பரப்பி நிற்கும் பெரிய மரம் உள்ள எவரும், அதில் ஒரு கிளையைத் தொடுவதற்கு முன் இத்தகைய ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது என்றே உறுதியாக நினைக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கென்று பயிற்சியும் தேர்வும் இருக்கின்றன. சர்வதேச மர வளர்ப்புச் சங்கம் என்று தமிழில் சொல்லத்தக்க ஐ.எஸ்.ஏ. என்ற அமைப்பு 1924-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அது வழங்கும் சான்றிதழைப் பெற மூன்றாண்டு முழுநேர அனுபவமோ அதற்கு ஈடான படிப்போடு கூடிய அனுபவமோ வேண்டும், தேர்வும் எழுதவேண்டும். சான்றிதழ் மூன்றாண்டுக்கு மட்டுமே செல்லும். தொடர்ந்து படித்து வந்தால்தான் அதைப் புதுப்பிக்க முடியும். பிரிட்டனில் மர வேலைக்கென்றே பி.எஸ். 3998 என்ற தரநிலை உள்ளது. அமெரிக்காவில் ஏ300 என்ற தரநிலை உள்ளது. எந்தக் கிளையை எங்கே, எவ்வளவு, எதற்காக வெட்டலாம் என்பதையெல்லாம் இவை எழுத்தில் வரையறுக்கின்றன. இந்தியாவில் இப்படிச் சான்று பெற்றவர்கள் மிகவும் குறைவு. எங்களிடம் வந்த குழுவின் தலைவர், நாங்கள் கேட்பதற்கு முன்பே தம் சான்றிதழையும், மரமேறும் தம் ஆட்களுக்கு எடுத்திருந்த காப்பீட்டுத் தாள்களையும் காட்டினார். அந்த இரண்டாவது தாள்தான் எனக்கு அதிக நம்பிக்கை அளித்தது.

எங்கள் தோட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் பெரியவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த மதிப்பீடு அவருடைய வேலையைக் குறைத்துச் சொல்வதாக எவரும் கொள்ளக்கூடாது. மல்லிகைக்கு எப்போது கவாத்து செய்யவேண்டும், செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் என்ன தெளிக்கவேண்டும், சேலத்துச் செம்மண்ணோடு எவ்வளவு தொழுவுரம் கலக்கவேண்டும், சித்திரை வெயிலில் எந்தச் செடியை எங்கே நகர்த்தவேண்டும் என்பதில் அவருக்கு இணையாக எவரையும் நான் பார்த்ததில்லை. வந்த வல்லுநருக்கு இவற்றில் பாதி தெரியாது. தெரியும் என்று அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. தோட்டக்காரரின் கண் ஒரு பருவத்தைப் பார்க்கிறது: இந்த மாதம் பூக்குமா, அடுத்த மாதம் காய்க்குமா என்பதே அவர் கேள்வி. அறுபது ஆண்டு நின்ற மரத்தின் தண்டுக்குள் என்ன நடக்கிறது, எந்தக் கவட்டை எந்தக் காற்றில் பிளக்கும், இன்று வெட்டும் வெட்டு பத்தாண்டு கழித்து என்ன செய்யும் என்பவை வேறு கேள்விகள். அவற்றுக்கு விடை சொல்லும்படி நாற்பதடி உயரத்துக்கு ஒரு முதியவரை வெறும் அரிவாளோடு ஏற்றிவிடுவது அவருக்கும் அநியாயம், மரத்துக்கும் அநியாயம்.

மரம் வெட்டுபவரோடு உள்ள வேறுபாடு இன்னும் அடிப்படையானது. நம் ஊரில் மரம் வெட்டும் பேச்சு எப்படி நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். வெட்டிய விறகை அவரே எடுத்துக்கொள்வதாக இருந்தால் கூலி குறையும். மரம் பெரிதாகவும் வைரம் பாய்ந்ததாகவும் இருந்தால் கூலியே வேண்டாம் என்பார், சில சமயம் அவரே நமக்குப் பணம் தருவார். அவர் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய வருமானம் கீழே விழும் மரத்தில் இருக்கிறது. ஆகவே எவ்வளவு வெட்டவேண்டும் என்ற கேள்வியை அவரிடம் கேட்டால் விடை ஒரு பக்கமாகத்தான் சாயும். பராமரிப்பு வல்லுநர் பார்ப்பதற்குத் தனியாகவும் வெட்டுவதற்குத் தனியாகவும் கட்டணம் வாங்குகிறார். எதையும் வெட்டவேண்டாம் என்று சொன்னாலும் அவருக்கு உரிய பணம் கிடைத்துவிடுகிறது. இந்தச் சேவையில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் இந்த ஏற்பாடுதான். மற்ற நன்மைகள் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன.

வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து தொடங்கினார்கள். அது எங்களுக்கு முன்பே அந்த மனையில் இருந்த மரம். வீட்டை முன்பு வைத்திருந்தவர்கள் காலத்தில் யாரோ அதன் பெருங்கிளைகளை நடுவில் வெட்டி மொட்டையடித்திருக்கிறார்கள். வெட்டிய இடத்தைச் சுற்றிலும் போத்துகள் கூட்டமாகக் கிளம்பி, ஆண்டுகள் செல்லச்செல்ல அவையே பருத்த கிளைகளாகித் தெருவின் மேலும் எங்கள் மாடியின் மேலும் நீண்டுவிட்டன. பார்ப்பவர்களுக்கு அது செழித்த மரமாகத்தான் தெரியும். இயற்கையாக வளர்ந்த கிளையின் அடி, ஆண்டுக்கு ஆண்டு தண்டோடு சேர்ந்து அடுக்கடுக்காகப் பிணைந்து உள்ளே ஆழத்திலிருந்து வருவது. மொட்டையடித்த பிறகு வரும் போத்து பட்டைக்கடியிலிருந்து கிளம்புவது. ஆகவே வெளி அடுக்குகளில் மட்டுமே அதற்குப் பிடிப்பு இருக்கும். அதே நேரத்தில் அந்தப் பழைய வெட்டுவாய் வழியாக மழைநீரும் பூஞ்சையும் புகுந்து, போத்து நிற்கும் அடிக்கட்டையே உளுத்துக்கொண்டிருக்கும். கிளை கனமாக, அடி பலவீனமாக, இரண்டும் எதிரெதிர்த் திசையில் வளர்கின்றன. சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன் சேலத்தில் வீசும் சூறைக்காற்றில் ஒடிந்து விழும் கிளைகளைக் கவனித்துப் பார்த்தால், அவற்றில் பல இப்படி ஒரு பழைய வெட்டிலிருந்து கிளம்பியவையாக இருப்பதைக் காணலாம். மரம் காற்றில் விழுமோ என்ற அச்சத்தில் மொட்டையடிக்கிறோம். சில ஆண்டுகளில் உண்மையாகவே விழக்கூடிய கிளைகளை அதன்மூலம் வளர்த்துவிடுகிறோம்.

வல்லுநர் முதலில் மரத்தைத் தொடவே இல்லை. தெருவின் எதிர்ப்பக்கம் சென்று நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு சுற்றி வந்தார். அடிமரத்தில் காளான் எதுவும் முளைத்திருக்கிறதா என்று தேடினார். கேனோடெர்மா போன்ற காளான்கள் அடியில் தென்பட்டால் வேரும் அடித்தண்டும் அழுகத் தொடங்கிவிட்டன என்பதற்கு அது அடையாளம் என்று விளக்கினார். இந்த மரத்தில் அது இல்லை. ஒரு சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டி ஓசையைக் கேட்டார். பிறகு கயிறு போட்டு ஏறி, பழைய வெட்டுவாய்களில் இருந்த பொந்துகளுக்குள் மெல்லிய இரும்புக் கம்பியை விட்டு ஆழத்தை அளந்து குறித்துக்கொண்டார். தண்டின் உட்புறத்தை ஒலியலைகளைக் கொண்டு படமாக்கிப் பார்க்கும் கருவிகள் இருப்பதாகவும், இந்த மரத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை என்றும் சொன்னார். தேவையற்ற செலவை அவரே தவிர்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

வெட்டும் முறை பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் வேலை தெரிந்தவரை அடையாளம் காண இதுவே எளிய வழி. கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு வளையம்போல் சற்றே தடித்திருக்கும். வெட்டுக்காயத்தைச் சுற்றிப் புதிய மரத்தை வளர்த்து மூடும் திசுக்கள் அங்கேதான் உள்ளன. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான தண்டுகளைப் பிளந்து ஆராய்ந்து, 1977-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். நம் தோலில் காயம் ஆறுவதுபோல் மரத்தில் காயம் ஆறுவதில்லை. கெட்ட பகுதியை மரம் உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதன் மேல் புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது என்பதே அவர் கண்டறிந்தது. ஆகவே தடித்த வளையத்தையும் சேர்த்துத் தண்டோடு ஒட்ட வெட்டினால் அந்தச் சுவருக்கான முதற்பொருளையே அழித்துவிடுகிறோம். மாறாகக் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டால் அந்தக் கட்டை செத்து, உளுத்து, அழுகலை உள்ளே கொண்டுபோகிறது. வளையத்துக்குச் சற்று வெளியே வெட்டுவதே சரி. அதையும் ஒரே வெட்டில் வெட்டுவதில்லை. முதலில் வளையத்திலிருந்து தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு. அதற்கு இன்னும் வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, இதில் கிளையின் கனம் இறங்கிவிடும். மிஞ்சிய கட்டையை மூன்றாவது வெட்டில் சரியான இடத்தில் எடுக்கிறார்கள். இப்படிச் செய்யாவிட்டால் கிளை விழும்போது தண்டின் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு போகும். நம் தெருக்களில் அப்படி உரிந்த தழும்போடு நிற்கும் புங்கனையும் வேம்பையும் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள்.

வெட்டுவாயில் எதைப் பூசுவது என்று எங்கள் தோட்டக்காரர் கேட்டார். நம்மில் சிலர் சாணமும் செம்மண்ணும் பூசுகிறோம், சிலர் தார் பூசுகிறோம், சிலர் பெயின்ட். இவை அழுகலைத் தடுப்பதில்லை என்று வல்லுநர் பதில் சொன்னார்; தாரும் பெயின்ட்டும் ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சைக்கு உதவவும் கூடும். பழமரங்களில் பூஞ்சை நோய் இருக்கும்போது வேளாண் துறையினர் பரிந்துரைக்கும் போர்டோ பசையை மட்டும் அவர் மறுக்கவில்லை. தமக்குப் படித்துத் தெரிந்ததை இங்குள்ள நடைமுறையின்மேல் கண்ணை மூடிக்கொண்டு திணிக்காத இந்தப் போக்கு பாராட்டத்தக்கது.

தூங்குமூஞ்சி மரத்தில் அவர்கள் செய்ததெல்லாம், நீண்ட போத்துக்கிளைகளின் நுனிக் கனத்தை அடுத்த வலுவான பக்கக்கிளை வரை குறைத்ததும், உளுத்த அடியில் நின்ற சிலவற்றை முழுதும் எடுத்ததும்தான். ஒரே ஆண்டில் இலைப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை என்ற வரம்பைச் சொல்லி, அதற்கும் குறைவாகவே வெட்டினார்கள். மிச்சத்தை இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாகச் செய்யலாம் என்றார்கள். இலைதான் மரத்தின் சமையற்கட்டு என்பதால் அதைக் குறைக்கக் குறைக்க மரம் தன் சேமிப்பைத் தின்று பலவீனமாகிறது. காலில் இரும்பு முள் பூட்டிக்கொண்டு ஏறுவது உயிருள்ள மரத்துக்கு நூறு காயங்கள் செய்வதாகும் என்று கூறி, கயிறும் இடுப்புப் பட்டையும் கொண்டே ஏறினார்கள். வெட்டிய ஒவ்வொரு துண்டும் கயிற்றில் கட்டி இறக்கப்பட்டது. மதிற்சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. மின்கம்பியை ஒட்டிய கிளைகளை, மின்சாரத்தை முறைப்படி நிறுத்தும் வரை அவர்கள் நெருங்கவே இல்லை. அதற்காக அரை நாள் வேலையைத் தள்ளிவைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு தெருவில் நின்று பார்த்தால் என்ன வெட்டினார்கள் என்று சட்டென்று சொல்ல முடியாது. “இதுக்கா இத்தனை பணம்?” என்று என் மாமியார் கேட்டார். வெட்டியதே தெரியாமல் வெட்டுவதற்குத்தான் அந்தப் பணம் என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பின் வந்த கோடைக் காற்றில் பெரிய கிளை எதுவும் விழவில்லை. ஒரு பருவத்தைக் கொண்டு வேலையின் தரத்தை நிறுவிவிட முடியாது என்பதால் இதை ஒரு தகவலாக மட்டுமே சொல்கிறேன்.

அதே மரத்தின் அடியில் அவர்கள் கண்டது, மேலே கண்டதைவிட எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. பல ஆண்டுகளில் சாலை உயர உயர, வாசலையும் மண் கொட்டி உயர்த்தி, தண்டை ஒட்டியே சிமெண்ட் கற்கள் பதித்திருந்தார்கள். நல்ல நிலையில் உள்ள மரத்தின் அடி மண்ணைத் தொடும் இடத்தில் யானையின் பாதத்தைப்போல் அகன்றிருக்க வேண்டும். எங்கள் மரம் நட்டுவைத்த கம்பம்போல் நேராக மண்ணுக்குள் இறங்கியது. அடி அகலம் மண்ணுக்குள் புதைந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மரத்தின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. அவை கிளைகளின் எல்லையையும் தாண்டிப் பரவுகின்றன. அவற்றுக்கும் காற்று வேண்டும். தண்டின் அடிப்பட்டையோ ஈர மண்ணுக்குள் கிடக்கப் படைக்கப்பட்டதன்று. புதைந்தால் அது அழுகுகிறது. 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி ஆணையிட்டது இதனால்தான். எங்கள் வாசலில் அவர்கள் கற்களைப் பெயர்த்து, கைக்கருவிகளால் மண்ணை மெல்ல விலக்கி, அடி அகலத்தை வெளிக்கொணர்ந்தார்கள். தண்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்த ஒரு வேரை அளவாக வெட்டினார்கள். பிறகு வெட்டிய கிளைகளையே சிறு துண்டுகளாக்கி, தண்டில் படாதவாறு மூன்று நான்கு அங்குல மூடாக்குப் போட்டார்கள்.

அப்போது எங்கள் பெரியவர் வல்லுநரிடம், “தம்பி, இனிமேலு தண்ணி எங்க விடறது?” என்று கேட்டார். “அடியில வேண்டாங்கய்யா. கிளை எதுவரைக்கும் போகுதோ அந்த எல்லையில, வாரம் ஒருக்கா ஆழமா விடுங்க” என்று அவர் பதில் சொன்னார். அன்று மாலையே பெரியவர் தண்டை ஒட்டி இருந்த பழைய வட்டப்பாத்தியைக் கலைத்துவிட்டு, தள்ளிப் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டினார். இந்த இரு தொழில்களும் சேரவேண்டிய இடம் அதுதான். வல்லுநர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் மரத்தைப் பார்ப்பவர் தோட்டக்காரர். எதைக் கவனிக்கவேண்டும் என்று வல்லுநர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தால், புதிதாக முளைக்கும் காளானையோ கவட்டையில் விழும் விரிசலையோ முதலில் பார்க்கப்போகிறவர் அவர்தான்.

வேப்பமரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அண்மைய ஆண்டுகளில் தென்மாநிலங்கள் பலவற்றில் வேம்பின் நுனிக்கிளைகள் கருகி, மரமே தீப்பட்டதுபோல் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். எங்கள் கிணற்றடி வேம்பும் அப்படித்தான் நின்றது. அக்கம்பக்கத்தார் அதை வெட்டிவிடச் சொன்னார்கள். இது தேயிலைக் கொசு என்னும் பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்து செய்யும் நுனிக்கருகல், வளர்ந்த மரம் பெரும்பாலும் அடுத்த தளிரில் மீண்டுவிடும் என்று சொல்லி, வல்லுநர் அதில் கை வைக்க மறுத்துவிட்டார். பங்குனியில் வேம்பு முழுதும் தளிர்த்தது. வெட்ட வந்தவரிடம் கேட்டிருந்தால் அந்த மரம் இன்று விறகாகியிருக்கும்.

கொல்லையில் நிற்கும் மல்கோவாவில் அனுபவம் கலவையாக இருந்தது. குழு வந்தபோது மரம் பூத்திருந்ததால் அறுவடை முடியும்வரை கவாத்து கூடாது என்று கூறி, காய்ந்த கிளைகளை மட்டும் எடுத்தார்கள். அது சரியான முடிவு. மேலே படர்ந்திருந்த புல்லுருவியை அகற்றியதிலும் அவர்கள் கைத்திறன் தெரிந்தது. புல்லுருவியைக் கையால் ஒடித்துப் போட்டால் மீண்டும் துளிர்க்கும், ஏனெனில் அதன் உறிஞ்சுறுப்பு மாங்கிளையின் கட்டைக்குள் ஓடியிருக்கும். அது பற்றியிருக்கும் இடத்துக்குக் கீழே நல்ல கிளை தெரியும்வரை வெட்டி எடுக்கவேண்டும். தண்டுத்துளைப்பான் விஷயத்தில் மட்டும் எங்கள் தோட்டக்காரர் அவர்களைவிட ஒரு படி முன்னே நின்றார். தண்டின் அடியில் மரத்தூள்போல் உதிர்ந்துகிடந்த எச்சத்தைப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடித்து, கொக்கிபோல் வளைத்த கம்பியால் புழுவை இழுத்துப்போட்டு, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்திருந்தார். வல்லுநர் அதைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் தாம் செய்ய ஒன்றுமில்லை என்று அறிக்கையிலும் எழுதினார். மாமரம் நிறைந்த இந்த மாவட்டத்தில் பழமரம் பற்றிய அறிவு தோட்டக்காரர்களிடமும் விவசாயிகளிடமும் ஆழமாகவே இருக்கிறது. வெறும் மாமரம் மட்டும் உள்ளவர்கள் இந்தச் செலவைச் செய்யவேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

ஏற்காட்டில் நிலைமை வேறு. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பியைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து, இங்கே மரங்களைக் கழிப்பது நிழலுக்காக நடக்கும் வேலை. காப்பிக்கு எவ்வளவு வெளிச்சம், எந்த மாதத்தில் வேண்டும் என்பதை வைத்தே சில்வர் ஓக்கையும் கல்யாண முருங்கையையும் பலாவையும் கழிக்கிறார்கள். வெயில் அதிகம் விழும் செடிகளையே வெண் தண்டுத்துளைப்பான் வண்டு நாடுகிறது; சித்திரையிலும் பின்மழைக் காலத்திலும் அது பறந்து முட்டையிடும் நேரத்தில் நிழல் குறைந்திருந்தால் அரபிக்கா செடிகள் சாகும். இந்தக் கணக்கு மலைவாழ் தொழிலாளர்களுக்குத் தலைமுறையாகத் தெரியும். கீழிருந்து வந்த வல்லுநர் ஒவ்வொரு சில்வர் ஓக்கையும் தனி மரமாகப் பார்த்து, அதன் நலனுக்கு எது நல்லதோ அதைச் சொன்னார். மொத்தத் தோட்டத்தின் நிழலை அவர் எடைபோடவில்லை. மிளகுக்கொடி ஏறிய மரங்களில் கொடிக்குச் சேதமில்லாமல் எப்படி ஏறுவது என்பதையும் எங்கள் தொழிலாளர் ஒருவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். நிழல் ஒழுங்குபடுத்தும் வேலைக்கு இந்தச் சேவையை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் எங்கள் தொழிலாளர்கள் அன்றுவரை கயிறு எதுவும் இல்லாமல் வெறுங்காலோடு அறுபதடி ஏறிக்கொண்டிருந்தார்கள். வந்த குழுவினர் தங்கள் இடுப்புப் பட்டையையும் இரட்டைக் கயிற்று முறையையும் அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தார்கள். அதற்குக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. அதன்பின் நாங்களும் பட்டைகள் வாங்கிவிட்டோம். தோட்டம் வைத்திருப்பவர்கள் வேறு எதை விட்டாலும் இதை மட்டும் விடக்கூடாது.

மலையில் அவர்களை அழைத்ததன் உண்மையான பயன் ஒரு பலா மரத்தில்தான் கிடைத்தது. தொழிலாளர் குடியிருப்பின் மேல் சரிவில் நிற்கும் அந்த மரம் எப்போதும் சாய்ந்தே இருந்தது. பழகிவிட்ட சாய்வு என்பதால் எவரும் பொருட்படுத்தவில்லை. சாய்ந்தே வளர்ந்த மரத்துக்கும் அண்மையில் சாயத் தொடங்கிய மரத்துக்கும் வேறுபாடு உண்டு. பழைய சாய்வில் மரத்தின் நுனி மீண்டும் வானை நோக்கி வளைந்திருக்கும். அடியில் மண் இறுகியிருக்கும். இந்தப் பலாவில் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் மேலெழுந்து விரிசல் விட்டிருந்தது. வேர்த்தட்டே அசைகிறது என்பதற்கு அது அடையாளம். மரங்களைக் காக்க வந்தவர்களே இதை எடுத்துவிடுங்கள், அதுவரை கீழே எவரும் தூங்கவேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். மலைப்பகுதியில் நம் சொந்த நிலத்து மரத்தையும் நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன் அனுமதி பெறவேண்டும். படங்களும் அளவுகளும் காரணங்களும் அடங்கிய அவர்களுடைய அறிக்கையை விண்ணப்பத்தோடு இணைத்தோம். குடியிருப்பில் இருந்த குடும்பங்களை அன்றே வேறிடத்துக்கு மாற்றினோம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அறிக்கை முழுதும் ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படித்துச் செயற்படுத்த வேண்டிய தோட்டக்காரருக்கும் ஏற்காட்டு மேற்பார்வையாளருக்கும் அதனால் பயனில்லை. நானே உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொடுத்தேன். தமிழ்நாட்டில் தொழில் செய்பவர்கள் இதைத் தாங்களே செய்யவேண்டும். முதல் அழைப்புக்கும் வருகைக்கும் இடையே பல வாரங்கள் சென்றன. அவசரம் என்றால் இவர்களை நம்பியிருக்க முடியாது. வெட்டிய பருங்கட்டைகளை அகற்றுவது கட்டணத்தில் சேராது என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லவில்லை. கட்டணம் என்று பார்த்தால், அதே மரத்துக்கு உள்ளூரில் மரம் வெட்டுபவர் கேட்டதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் ஆயிற்று. பயணமும் தங்குமிடமும் தனி. நடுத்தரக் குடும்பத்துக்கு இது சுமைதான். ஒரு தெருவில் பெரிய மரம் உள்ள நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் அழைத்தால் பயணச் செலவு பிரிந்துவிடும். அடுத்த முறை நாங்கள் அப்படித்தான் செய்யப்போகிறோம். மரத்தைப் பார்த்துச் சொல்வதற்கு மட்டும் அழைத்து, சொன்னபடி வெட்டும் வேலையை உள்ளூர் ஆட்களிடம் அவர்கள் மேற்பார்வையில் தருவதும் ஒரு வழி.

எந்தக் குழுவை அழைத்தாலும் தொலைபேசியிலேயே சிலவற்றைக் கேட்டுவிடலாம். மரத்தை உச்சியில் மொட்டையடித்துத் தரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் ஒப்புக்கொள்பவர் என்ன சான்றிதழ் வைத்திருந்தாலும் அவரை அழைக்கவேண்டாம். ஏறுபவர்களுக்குக் காப்பீடு உண்டா, உயிர்மரத்தில் முள் பூட்டி ஏறுவார்களா, எந்தக் கிளையை ஏன் எடுக்கிறார்கள் என்பதை வெட்டுவதற்கு முன் எழுத்தில் தருவார்களா என்றும் கேட்கவேண்டும். விறகை எடுத்துக்கொண்டு கூலியைக் குறைத்துக்கொள்கிறேன் என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கோடைக் காற்றுக்கு முன் வேலை முடியவேண்டுமானால் மார்கழியிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு தருவேன். வாசல் மரத்துக்கும் பலாவுக்கும் முழு மதிப்பெண்ணும் தரலாம். குறைத்த ஒன்று ஆங்கில அறிக்கைக்காகவும், நிழல் மரங்களைப் பற்றிய போதாமைக்காகவும். மல்கோவாவின் கவாத்துக்கு எங்கள் பெரியவரே போதும் என்று வல்லுநரும் சொல்லிவிட்டதால் ஆடியில் அவரே அதைச் செய்கிறார். தூங்குமூஞ்சியின் இரண்டாம் கட்ட வேலைக்கு அதே குழுவிடம் தை மாதத்துக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.